இன்ஜின் பழுதான பழைய லாரியை வாங்கலாமா? முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

"ஹெட் கேஸ்கெட் மட்டும்தான் போயிருக்கிறது, 40,000 ரூபாய் செலவு செய்தால் வண்டி ஓடும்" என்று சொல்லித்தான் அந்தப் பத்துச் சக்கர லாரியை என்னிடம் காட்டினார் புரோக்கர். ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் அடைப்புத் தகடு. ஓடும் நிலையில் அதே வயது வண்டி 9,00,000 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு 6,80,000 ரூபாய்க்குக் கிடைத்தது. நாமக்கல் பக்கத்துப் பட்டறை ஒன்றில் அது 62 நாள் நின்றது. கடைசியில் கணக்குப் போட்டபோது, ஓடும் வண்டியையே வாங்கியிருந்தால் 1,78,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும் என்று தெரிந்தது.

பழுதான வண்டியை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படி வாங்கி, சரிசெய்து, நன்றாகப் பிழைப்பவர்கள் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்கும் வரிசை வேறு. முதலில் ஆவணம், அடுத்து சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்), கடைசியில்தான் இன்ஜின். புதிதாக வருபவர்கள் நேராகப் பானட்டைத் திறக்கிறோம். இன்ஜினுக்குப் பணம் கொடுத்தால் பாகம் கிடைக்கும். வளைந்த சேஸும் தீராத கடனும் அப்படித் தீராது. அதனால் அதே வரிசையில் எழுதுகிறேன்.

1. வண்டியைப் பார்க்கப் போகும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள்

பதிவு எண், சேஸ் எண், இன்ஜின் எண் மூன்றையும் கேட்டு வாங்கி, மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பார்க்க வேண்டியவை இவை: உரிமையாளர் பெயர், பதிவு செய்த தேதி, எஃப்.சி. (தகுதிச் சான்று) எந்தத் தேதிவரை, காலாண்டு வரி எதுவரை, பசுமை வரி பாக்கி உண்டா, இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, பெர்மிட் என்ன ஆயிற்று, கட்டாத இ-சலான்கள் எத்தனை, ஹெச்.பி. (வண்டிமேல் உள்ள கடன் பதிவு) யார் பெயரில் இருக்கிறது. அரை மணி நேர வேலை. பதிவு எண்ணைத் தரவே தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

வயதை நன்றாகக் கவனியுங்கள். 8 ஆண்டு வரை எஃப்.சி. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுதோறும். 15 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. கட்டணமே பல மடங்கு ஏறிவிடும். நேஷனல் பெர்மிட் வேண்டுமென்றால் ஆறு சக்கர வண்டிக்கு 12 ஆண்டுதான் வரம்பு. இரண்டுக்கு மேல் ஆக்சில் (அச்சு) உள்ள வண்டிக்கு 15 ஆண்டு. 11 ஆண்டு ஆன ஆறு சக்கர லாரியை வாங்கி, லட்சக்கணக்கில் இன்ஜினுக்குச் செலவழித்து, வெளிமாநில லோடு எடுக்கலாம் என்று நினைப்பவருக்குக் கையில் இருப்பது ஒரே ஆண்டு.

டெல்லி சுற்று வட்டாரத்திலிருந்து வந்த வண்டிகளும் சந்தையில் உண்டு. பழைய டீசல் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு கடுமை என்பதால் மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். வாங்குவதில் தவறில்லை. ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, கையில் வந்த பிறகுதான் பணம். இங்கே மறுபதிவுக்கும் வரிக்கும் ஆகும் செலவைத் தனியாக விசாரித்து விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. ஹெச்.பி. விஷயத்தை வாய்ச்சொல்லுக்கு விடாதீர்கள்

நான் அதிகம் அவதிப்பட்டது இன்ஜினால் அல்ல, இதனால்தான். "கடன் முழுக்கக் கட்டியாயிற்று" என்று உரிமையாளர் சொன்னார். ரசீதும் காட்டினார். அவர் சொன்னது உண்மைதான், அந்த வண்டியின் கடன் தீர்ந்துவிட்டது. ஆனால் அதே பைனான்ஸில் தன் மைத்துனரின் வண்டிக்கு அவர் ஜாமீன் போட்டிருந்தார். மைத்துனர் டியூ கட்டவில்லை. ஜாமீன் கடன் முடியும்வரை இந்த வண்டிக்கும் என்.ஓ.சி. (பைனான்ஸின் தடையின்மைச் சான்று) தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். என் பணம் உரிமையாளர் கையில், வண்டி பட்டறையில், என்.ஓ.சி. பைனான்ஸ் அலுவலகத்தில் என்று மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டது.

எனவே உரிமையாளரையும் கூட்டிக்கொண்டு பைனான்ஸ் அலுவலகத்துக்கே போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தக் கடனில் பாக்கி எவ்வளவு? இவர் பெயரில் வேறு கடன் உண்டா? இவர் யாருக்காவது ஜாமீன் போட்டிருக்கிறாரா? பாக்கி இருந்தால் உங்கள் பணத்தில் அந்தத் தொகையை நேராகப் பைனான்ஸ் கணக்கில் கட்டிவிட்டு, மீதியை மட்டும் உரிமையாளரிடம் கொடுங்கள். ஹெச்.பி. நீக்குவதற்கான படிவம் 35-இல் பைனான்ஸின் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தால்தான் அந்த வேலை முடிந்ததாக அர்த்தம்.

3. சேஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் கண்ணால் பாருங்கள்

சேஸில் எண் பொறித்த இடத்தை டீசல் நனைத்த துணியால் துடையுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட், தேய்த்த தடம், வெல்டிங் ஏதாவது தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்ஜின் எண் ஆர்.சி.யில் உள்ளதோடு பொருந்துகிறதா என்பது பழுதான வண்டியில் இன்னும் முக்கியம். ஏற்கெனவே ஒரு முறை இன்ஜின் போய், வேறு வண்டியின் இன்ஜினைத் தூக்கிப் போட்டிருப்பார்கள், ஆர்.சி.யில் மாற்றியிருக்க மாட்டார்கள். எஃப்.சி.க்குப் போகும்போது அது உங்கள் தலையில் விழும். இன்ஷூரன்ஸ் கோரிக்கையின்போது விழுந்தால் இன்னும் மோசம்.

பிறகு வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சேஸின் இரண்டு பக்கமும் முன்னிருந்து பின்வரை டார்ச் அடித்து வாருங்கள். கேபினுக்குப் பின்னால், ஸ்பிரிங் தொங்கும் இடங்களில் ஒட்டுப் போட்ட தகடோ விரிசலோ இருக்கிறதா? பல ஆண்டு அதிக பாரம் ஏற்றிய வண்டி அங்கேதான் காட்டிக்கொடுக்கும். கியர் பாக்ஸ், கிரௌன் (பின் ஆக்சிலின் பல்சக்கரம்), டயர், பாடி ஆகியவற்றையும் பாருங்கள். இன்ஜின் ஓடாத வண்டியில் கியர் பாக்ஸையும் கிரௌனையும் ஓட்டிச் சோதிக்க வழியில்லை. அதற்கென்று விலையில் ஒரு தொகையைக் குறைத்தே பேசுங்கள்.

4. இன்ஜின்: குளிர்ந்திருக்கும்போது போங்கள், கையோடு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள்

விற்பவரின் மெக்கானிக் அல்ல, உங்கள் மெக்கானிக். ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். நீங்கள் வருவது தெரிந்தால் இன்ஜினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைப்பார்கள். அதனால் விடியற்காலையில் போய், முதல் வேலையாக இன்ஜின் பிளாக்கின்மேல் உள்ளங்கையை வையுங்கள். கதகதப்பாக இருந்தால் சாவியைத் திருப்ப வேண்டாம், மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். தேய்ந்துபோன இன்ஜினின் குணம் குளிர் ஸ்டார்ட்டில்தான் முழுதாகத் தெரியும்.

*ஸ்டார்ட் செய்யும் முன் ஆயிலைப் பாருங்கள்.* டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு மேல் கோட்டைத் தாண்டி நின்று, மெலிந்து, டீசல் வாடை அடித்தால் டீசல் இறங்குகிறது. அதைவிடத் தெளிவான சோதனை ஒன்று உண்டு. ஓர் இரவு முழுக்க அசையாமல் நின்ற வண்டியில் சம்ப் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) போல்ட்டை மெல்லத் தளர்த்தினால், அடியில் தங்கிய தண்ணீர்தான் முதலில் வரும். என் வண்டியில் வாங்கிய பிறகு இதைச் செய்தோம். கண்ணாடித் தம்ளரில் முக்கால்வாசி வரை துருப்பிடித்த நிறத்தில் தண்ணீர் வந்து, அதற்குப் பின்தான் கறுப்பு ஆயில் நூலாக இறங்கியது. பட்டறையின் மூத்த மெக்கானிக் அந்தத் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஹெட் கேஸ்கெட்டோடு முடிகிற வேலை இல்லை" என்றார். இந்தச் சோதனையை வாங்குவதற்கு முந்தைய நாளே செய்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

*ஆயில் ஃபில்டரைக் கழற்றச் சொல்லுங்கள்.* புது ஃபில்டர் செலவு உங்களுடையது என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பழையதை அறுத்து, உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள். கறுப்புக் கசடு பரவாயில்லை. பொன்னிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுமினுப்பு தெரிந்தால் பேரிங் தேய்ந்து உதிர்கிறது. அப்படியானால் கிராங்க்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சேர்ந்து போயிருக்கலாம்.

*பேக் கம்ப்ரஷன்.* சிலிண்டரின் வாயு பிஸ்டனைத் தாண்டி ஆயில் இருக்கும் பக்கம் கசிவதுதான் இது. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதே வாயில் தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கினால் சரி. துள்ளிக் கீழே விழுந்தாலோ, புகை குபுகுபுவென்று வந்தாலோ ரிங் (பிஸ்டன் வளையம்), லைனர் (சிலிண்டரின் உள்ளுறை) தேய்ந்துவிட்டன. டர்போ (இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) சீல் போனாலும் இப்படி அடிக்கும். அதனால் டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

*புகையின் நிறம்.* கறுப்புப் புகை பெரும்பாலும் சின்னச் செலவு: ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸ் கிழிசல், நாசில் (டீசலைப் பீய்ச்சும் பாகம்). நீலப் புகை ஆயில் எரிவது. வெள்ளைப் புகையில்தான் ஏமாறுவோம். கண்ணை எரித்து, டீசல் நாற்றம் அடித்து, இன்ஜின் சூடானதும் குறைந்தால் அது எரியாத டீசல். நாசிலோ பம்ப் டைமிங்கோ கம்ப்ரஷன் குறைவோ காரணமாகலாம். சூடேறிய பிறகும் அடர்த்தியாக வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் அது நீராவி.

*ரேடியேட்டரில் குமிழி.* குமிழி வந்தால் உடனே "ஹெட் போயிற்று" என்பார்கள். லாரியில் இன்னொரு காரணமும் உண்டு. பிரேக்குக்குக் காற்று அடைக்கும் ஏர் கம்ப்ரஸர் பல வண்டிகளில் இன்ஜின் தண்ணீரால் குளிர்விக்கப்படுகிறது. அதன் ஹெட்டோ கேஸ்கெட்டோ போனால் காற்று தண்ணீரில் கலந்து ரேடியேட்டரில் குமிழியாக வரும். கம்ப்ரஸருக்குப் போகும் தண்ணீர்க் குழாய்களைக் கழற்றி அடைத்துவிட்டுச் சில நிமிடம் மட்டும் ஓட்டினால் தெரிந்துவிடும். குமிழி நின்றால் பழுது கம்ப்ரஸரில். அதேபோல ரேடியேட்டரில் ஆயில் மிதந்தால் ஆயில் கூலர் ஓட்டையாக இருக்கலாம். இந்த இரண்டும் இன்ஜினைப் பிரிக்காமலே முடிகிற வேலை. விற்பவரே தன் வண்டிக்குப் பெரிய வியாதி என்று நினைத்துக் குறைத்து விற்கும் நேரத்தில் இதைக் கண்டுபிடிப்பவருக்குத்தான் பழுதான வண்டி லாபம்.

*எந்தச் சிலிண்டர்?* பழைய பம்ப் வண்டியில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லை என்று பார்ப்பார்கள். மாறாத சிலிண்டர் வேலை செய்யவில்லை. காமன் ரயில் வண்டியில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புதுவகை) இதைச் செய்யவே விடாதீர்கள். அந்தக் குழாயில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதற்கு ஸ்கேனர்தான் வழி. எந்த வண்டியானாலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து எல்லாச் சிலிண்டரையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் கொஞ்சம் குறைந்து சமமாக இருந்தால் தேய்மானம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அங்கே ஏதோ உடைந்திருக்கிறது.

இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகாத வண்டி என்றால் இந்தச் சோதனைகளில் பாதி செய்ய முடியாது. கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் பிடித்துக்கொண்ட இன்ஜின். அதற்கு இரும்பு விலைக்கு மேல் ஒரு ரூபாயும் மதிப்புப் போடாதீர்கள்.

5. பி.எஸ். 6 வண்டிக்குத் தனி எச்சரிக்கை

பி.எஸ். 6 என்பது புகைக் கட்டுப்பாட்டு விதி. 2020 ஏப்ரலுக்குப் பின் பதிவான வண்டியில் புகைக்குழாயோடு சேர்ந்த சுத்திகரிப்பு அமைப்பும், யூரியாக் கரைசல் தொட்டியும், ஏகப்பட்ட சென்சார்களும் இருக்கும். "பிக்கப் இல்லை" என்று சொல்லும் வண்டியில் இன்ஜின் நன்றாக இருந்து இந்த அமைப்பு மட்டும் அடைத்திருக்கலாம். யூரியாத் தொட்டியில் தவறுதலாக டீசல் ஊற்றியிருக்கலாம். சில பட்டறைகளில் இதையெல்லாம் கழற்றி எறிந்து, கணினியை ஏமாற்றி ஓட்டவிடுகிறார்கள். அது சட்டவிரோதம், புகைச் சோதனையிலும் எஃப்.சி.யிலும் மாட்டும், திரும்பப் பொருத்தப் பெருந்தொகை ஆகும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் ஸ்கேன் செய்த அறிக்கை கையில் இல்லாமல், முதல் லாரியாகப் பழுதான பி.எஸ். 6 வண்டியை வாங்காதீர்கள்.

6. இன்ஜின் செலவை மோசமான நிலைக்குக் கேளுங்கள்

மெக்கானிக்கிடம் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் குறைந்தபட்சத்தைத்தான் சொல்வார். ஏமாற்றுவதற்காக அல்ல, பிரிக்காத இன்ஜினுக்குள் அவராலும் பார்க்க முடியாது. "எல்லாமே போயிருந்தால் எவ்வளவு?" என்று கேளுங்கள். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், கிராங்க் அரைப்பு, ஹெட் வேலை, நாசில், பம்ப், டர்போ, ஆயில் பம்ப், லேத் பட்டறைக் கூலி, மெக்கானிக் கூலி என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள்.

கிராங்க் பற்றி ஒரு வார்த்தை. தேய்ந்த கிராங்க்கை அரைத்து, அதற்கேற்ற தடித்த பேரிங் போடுவார்கள். 0.25 மி.மீ., 0.50 மி.மீ. என்று படிப்படியாக இறங்கும் இந்த அரைப்புக்கு ஓர் எல்லை உண்டு. என் வண்டியைப் பிரித்தபோது பேரிங்கின் பின்பக்கத்தில் கடைசி அளவு பொறித்திருந்தது. இனி அரைக்க இடமில்லை, புதுக் கிராங்க்தான். 40,000 என்று தொடங்கிய வேலை 2,60,000 ஆனது அந்த ஒரு பொறிப்பைப் பார்த்த பிறகுதான். முன்பு எப்போது, எந்தப் பட்டறையில் இன்ஜின் வேலை நடந்தது என்று கேளுங்கள். அந்தப் பட்டறைக்குப் போன் செய்தால் எந்த அளவு பேரிங் போட்டார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

7. விலையைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

விற்பவர் சொன்ன விலையிலிருந்து குறைத்துக்கொண்டே வருவதை விடுங்கள். ஓடும் வண்டியின் சந்தை விலையை எடுத்து, உங்களுக்கு ஆகப்போகும் எல்லாவற்றையும் கழியுங்கள். என் கணக்கு இது. உங்கள் ஊருக்கும் வண்டிக்கும் தொகைகள் மாறும்.

- இன்ஜின் வேலை: 2,60,000
- வண்டியை இழுத்து வந்த கூலி: 15,000
- இரண்டு மாத வட்டி: 20,000
- டிரைவர் வேறு வண்டிக்குப் போகாமல் இருக்கக் கொடுத்த சம்பளம்: 28,000
- நின்ற காலத்துக்கான வரி, இன்ஷூரன்ஸ்: 15,000
- எஃப்.சி.க்காக இரண்டு டயர், பிரேக், பெயின்ட், ஒயரிங், ஒளிரும் பட்டை: 60,000

மொத்தம் 3,98,000. ஓடும் விலை 9,00,000-இலிருந்து கழித்தால் 5,02,000. எதிர்பாராததற்கு 50,000 ஒதுக்கினால் 4,52,000 ரூபாய்க்குமேல் அந்த வண்டிக்குக் கொடுத்திருக்கவே கூடாது. பட்டறை "பதினைந்து நாள்" என்று சொன்னால் நீங்கள் நாற்பத்தைந்து நாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். லேத் பட்டறையில் வரிசை, வராத உதிரிபாகம், நடுவில் ஒரு பண்டிகை, எல்லாம் சேர்ந்து அவ்வளவு ஆகும்.

கணக்கில் வந்த விலைக்கு விற்பவர் இறங்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கை பிடித்துப் பேரம் பேசும் வேகத்தில் இன்னும் ஐம்பதாயிரம் ஏற்றிவிடத் தோன்றும். கணக்கை எழுதிய தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

8. பணமும் கையெழுத்தும்

முன்பணத்தைச் சிறியதாக வைத்து, ஒப்பந்தத்தில் நிபந்தனை எழுதுங்கள்: இத்தனை நாளுக்குள் என்.ஓ.சி. வராவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும். பெயர் மாற்றம் முடியும்வரை விலையில் ஒரு பங்கு நிறுத்திவைக்கப்படும். பணம் வங்கி வழியாக, ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு மட்டும். புரோக்கர் கமிஷனைத் தனியாகக் கொடுங்கள்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் உரிமையாளர் உங்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். ஏற்கெனவே கையெழுத்திட்ட வெற்றுப் படிவம் தருகிறேன் என்றால், நடுவில் இன்னொருவர் வாங்கிப் பெயர் மாற்றாமல் விற்கிறார் என்று பொருள். உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா, ஆர்.சி.யில் பதிவான கைபேசி எண் அவரிடமே இருக்கிறதா என்று பாருங்கள். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும்.

வண்டியை எடுக்கும்போது தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திடுங்கள். அதற்கு முந்தைய அபராதம் அவருடையது. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான். வண்டி பட்டறையில்தானே நிற்கிறது என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். எஃப்.சி. நடுவில் முடிகிறதா என்றும் பாருங்கள். முடிந்துவிட்டால் இன்ஜின் தயாரான அன்றே ரோட்டில் இறக்க முடியாது.

9. பட்டறையில்

இன்ஜினைப் பிரிக்கும் நாளில் அருகில் இருங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுங்கள். பழைய பாகங்கள் எல்லாம் உங்களுக்கே வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உதிரிபாகங்களை நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுப்பது நல்லது. பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள்: பிரிக்கும்போது, லேத் வேலை முடிந்து பிளாக் வந்ததும், வண்டி லோடு ஏற்றி ஓடிய பிறகு.

வேலை முடிந்த இன்ஜினை முதல் லோடிலேயே முழுப் பாரத்தோடு மலை ஏற்றாதீர்கள். முதல் சில நடைகள் பாதிப் பாரம், சமதளப் பாதை. முதல் ஆயிலையும் ஃபில்டரையும் வழக்கமான கெடு வரும்வரை விடாமல், மெக்கானிக் சொல்லும் கிலோமீட்டரில் முன்னதாகவே மாற்றிவிடுங்கள். கழற்றிய அந்த ஃபில்டரையும் அறுத்து, காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள்.